இரத்தக் குழாய் செல்லுக்கு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை தேவையா?

நீங்கள் கேட்டது இதுதான்: அப்பாவுக்கு வயது 58, சர்க்கரை நோய் இருக்கிறது, ஆக்சிஜனேற்ற அழுத்தத்தால் (எல்லோரும் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று சொல்வது) இரத்தக் குழாய்கள் கெட்டுப்போகும் என்று சொல்லி மருந்துக்கடையில் ஒரு ஆன்டிஆக்சிடன்ட் கேப்ஸ்யூல் கொடுத்திருக்கிறார்கள். இரத்தக் குழாய் செல்களுக்குச் சொந்தமாகத் தற்காப்பே கிடையாதா, இந்தக் கேப்ஸ்யூல் அங்கே போய் வேலை செய்யுமா?

தற்காப்பு உண்டு, அதுவும் நிறையவே உண்டு. கேப்ஸ்யூல் அதில் பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை. ஏன் சேர்ப்பதில்லை என்பது அந்தத் தற்காப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் புரியும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாம் பேசுவது எண்டோதீலியம் என்ற உட்படலத்தைப் பற்றி. பெருந்தமனியிலிருந்து மிகச் சிறிய நுண்குழாய் வரை எல்லா இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் ஒரே ஒரு செல் அடுக்காக அது பரவியிருக்கிறது. வெறும் உறை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1980-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்து ஒரு சோதனை செய்தார். அசிடைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளைக் கொடுத்தால் குழாய் தளர வேண்டும். ஆனால் உட்படலம் உரசிப் போயிருந்த துண்டுகள் தளரவில்லை, படலம் முழுதாக இருந்தவை தளர்ந்தன. ஆக, தளரச் சொல்லும் கட்டளை அந்த ஒற்றை அடுக்கிலிருந்துதான் போகிறது. அந்தக் கட்டளையைச் சுமக்கும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற சாதாரண வாயு என்று பிறகு தெரிந்தது. 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், இந்தச் செல்லில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் முதலில் அடிப்பதே அந்த நைட்ரிக் ஆக்சைடைத்தான். அப்படி அடிப்பதில் முக்கியமானது சூப்பர்ஆக்சைடு, அதாவது ஒரு எலக்ட்ரான் கூடுதலாகச் சேர்ந்த ஆக்சிஜன். செல்லின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கொஞ்சம் கசியும், சில நொதிகள் வேண்டுமென்றே உற்பத்தி செய்யும், அழற்சியின்போது வெள்ளை அணுக்கள் கொட்டும். அது நைட்ரிக் ஆக்சைடைச் சந்தித்த கணமே இரண்டும் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் ஆகிவிடும். இதனால் குழாய் தளர்வதற்கான கட்டளை தொலைகிறது, அது போதாதென்று புரதங்களையும் கொழுப்பையும் கெடுக்கும் ஒரு புதுப் பொருளும் உருவாகிறது. அப்புறம் இன்னொரு வம்பு இருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடைச் செய்யும் நொதிக்கு டெட்ராஹைட்ரோபயோப்டெரின் என்ற துணைப்பொருள் வேண்டும். அதையும் பெராக்சிநைட்ரைட் கெடுத்துவிடுகிறது. துணைப்பொருள் தீர்ந்துபோனால் அந்த நொதி சும்மா நிற்பதில்லை, நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாகத் தானே சூப்பர்ஆக்சைடைச் செய்ய ஆரம்பித்துவிடும். காக்க வேண்டியதே தாக்க ஆரம்பிக்கிறது, தாக்குதல் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. சர்க்கரை நோயிலும் உயர் இரத்த அழுத்தத்திலும் புகைப்பவர்களிடமும் இந்தச் சுழல் நடப்பது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

சரி, தற்காப்புக்கு வருவோம். முதல் வரிசையில் நிற்பவை எப்போதும் தயாராக இருக்கும் நொதிகள். சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியை 1969-ல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடித்தார்கள். இதில் மூன்று வகை உண்டு: செம்பும் துத்தநாகமும் உள்ளது செல்லின் திரவத்தில், மாங்கனீசு உள்ளது மைட்டோகாண்ட்ரியாவுக்குள், மூன்றாவது செல்லுக்கு வெளியே. எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவதுதான். பெரும்பாலும் அடுத்த அடுக்கில் இருக்கும் தசைச் செல்கள் இதைச் செய்து வெளியே அனுப்புகின்றன, அது குழாய்ச் சுவரில் உள்ள ஹெப்பரான் சல்பேட்டில் ஒட்டிக்கொண்டு, உட்படலத்திலிருந்து தசைக்குப் போகும் நைட்ரிக் ஆக்சைடுக்கு வழி நெடுகக் காவல் இருக்கிறது. எங்கே திருட்டு நடக்குமோ சரியாக அங்கேயே.

இந்த நொதி சூப்பர்ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளும். ஹைட்ரஜன் பெராக்சைடும் லேசுப்பட்டது இல்லை, அதை நீராக்கும் வேலையைக் கேட்டலேஸ், பெராக்சிரெடாக்சின், செலினியம் கொண்ட குளுட்டாதியோன் பெராக்சிடேஸ் ஆகியவை எடுத்துக்கொள்கின்றன. கடைசியில் சொன்னதற்குக் குளுட்டாதியோன் வேண்டும். மூன்றே அமினோ அமிலங்கள் சேர்ந்த சின்ன மூலக்கூறு, ஆனால் செல்லுக்குள் மில்லிமோலார் (செறிவின் அலகு) கணக்கில் குவிந்திருக்கிறது. பயன்பட்ட குளுட்டாதியோனைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர என்ஏடிபிஎச் என்ற எலக்ட்ரான் தரும் மூலக்கூறு வேண்டும், அது பெரும்பகுதி குளுக்கோஸிலிருந்து பென்டோஸ் பாஸ்பேட் பாதை வழியாக வருகிறது.

உங்கள் அப்பாவின் சர்க்கரை இந்த இடத்தில்தான் நுழைகிறது. தசைச் செல்லும் கொழுப்புச் செல்லும் இன்சுலின் சொன்னால்தான் குளுக்கோஸை அதிகமாக உள்ளே விடும். எண்டோதீலியம் அப்படி இல்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் செல்லுக்குள்ளும் ஏறிவிடும், கதவை மூடிக்கொள்ள அதற்குத் தெரியாது. அதிகமாக வந்த குளுக்கோஸில் ஒரு பகுதி சார்பிட்டால் ஆகும் வழியில் திரும்புகிறது, அந்த மாற்றம் என்ஏடிபிஎச்சைச் செலவழிக்கிறது. இன்னொரு பக்கம் மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பர்ஆக்சைடு கசிவு கூடுகிறது. வரும் நஞ்சு கூடும்போது அதைச் சமாளிக்கும் கையிருப்பு குறைகிறது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் நுண்குழாய்கள் பழுதாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி இரும்பு. இணையத்தில் இந்தத் தலைப்பில் வரும் கட்டுரைகளில் பாதி இதைத் தொடுவதே இல்லை, என்னைக் கேட்டால் எண்டோதீலியத்தின் கதையில் பாதி இதுதான். ஹைட்ரஜன் பெராக்சைடு தனியாக இருக்கும்வரை நொதிகள் பார்த்துக்கொள்ளும். கட்டுக்குள் இல்லாத இரும்பு அயனி பக்கத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் ஆகும் (ரேடிக்கல் என்றால் ஜோடியில்லாத எலக்ட்ரான் உள்ள, சட்டென்று வினைபுரியும் துகள்). ஃபென்டன் 1894-ல் விவரித்த பழைய வேதியியல்தான் இது. ஹைட்ராக்சில் ரேடிக்கலைப் பிடிக்க எந்த நொதியும் கிடையாது, இருக்கவும் முடியாது, ஏனென்றால் அது பிறந்த இடத்திலேயே, எதிரில் எது இருக்கிறதோ அதன்மேல் பாய்ந்து முடிந்துவிடும். அதனால் செல்லுக்கு ஒரே வழி, அது பிறக்கவே விடாமல் இரும்பைப் பூட்டி வைப்பது.

உடம்பில் இரும்பு அதிகம் ஓடுவது எங்கே? இரத்தத்தில், சிவப்பணுக்களில். அதற்கு நேரடியாக முகம் கொடுத்து நிற்கும் செல் எண்டோதீலியம். சிவப்பணு உடைந்தால் ஹீமோகுளோபின் வெளியே வரும், அதிலிருந்து ஹீம் என்ற, இரும்பைத் தாங்கும் வளைய மூலக்கூறு பிரியும், ஹீம் கொழுப்பில் கரையும் என்பதால் செல் சவ்வுக்குள் சுலபமாக நுழைந்துவிடும். மலேரியா, அரிவாள் செல் நோய் போன்றவற்றில் இது பெரிய அளவில் நடக்கிறது.

இதைப் பற்றி 1992-ல் மினசோட்டாவில் பல்லாவும் வெர்செலோட்டியும் மற்றவர்களும் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. வளர்ப்புத் தட்டில் இருக்கும் எண்டோதீலியச் செல்களுக்குக் கொஞ்ச நேரம் ஹீம் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்தால், எதிர்பார்த்தபடியே, வழக்கத்தைவிட மோசமாகச் செல்கள் செத்தன. ஆனால் அதே போல ஹீம் கொடுத்துவிட்டு 16 மணி நேரம் சும்மா விட்டுவைத்து, பிறகு பெராக்சைடு கொடுத்தபோது அவை அசையவில்லை. ஹீமே படாத செல்களைவிட நன்றாகத் தாங்கின. இடையில் என்ன நடந்தது என்று பார்த்தால், ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதி சுமார் 50 மடங்கும், ஃபெரிட்டின் என்ற இரும்புக் காப்புப் புரதம் சுமார் 10 மடங்கும் ஏறியிருந்தன.

அடிபட்ட செல், அந்த அடியையே செய்தியாக எடுத்துக்கொண்டு ஆயுதம் தயாரித்திருக்கிறது. தற்காப்பு என்பது வெளியிலிருந்து வந்து சேரும் சரக்கு அல்ல, செல் தானாகக் கொடுக்கும் மறுமொழி. கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

ஹீம் ஆக்சிஜனேஸ் ஹீம் வளையத்தை வெட்டித் திறக்கிறது. மூன்று பொருள்கள் வெளியே வரும்: இரும்பு, கார்பன் மோனாக்சைடு, பச்சை நிற பிலிவெர்டின். இரும்பு உடனே ஃபெரிட்டினுக்குள் போகிறது. 24 துணைப்புரதங்கள் சேர்ந்த கூண்டு அது, ஒன்றுக்குள் ஏறக்குறைய 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். கார்பன் மோனாக்சைடு என்றதும் பயப்பட வேண்டாம், இங்கே வருவது மிகச் சிறிய அளவு, அந்த அளவில் அது அழற்சியைக் குறைக்கிறது. பிலிவெர்டின் இன்னொரு நொதியால் பிலிருபின் ஆகிறது. ஆமாம், மஞ்சள் காமாலையில் கண்ணை மஞ்சளாக்கும் அதே பிலிருபின். வெறும் கழிவு என்று நினைத்திருந்த அது கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தை நன்றாகத் தடுக்கிறது என்று 1987-ல் ஸ்டாக்கரும் ஏம்ஸும் காட்டினார்கள். பிறவியிலேயே பிலிருபின் சற்று அதிகமாக இருக்கும் கில்பர்ட் நிலை உள்ளவர்களிடம் இதய நோய் குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் பிலிருபின்தான் அதற்குக் காரணம் என்று மரபணு ஆய்வுகள் தெளிவாக உறுதி செய்யவில்லை, அதனால் அதை வைத்து அதிகம் கட்ட வேண்டாம்.

இந்த நொதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மனிதரிலேயே சான்று இருக்கிறது. ஹீம் ஆக்சிஜனேஸ்-1 மரபணு பழுதான முதல் நோயாளியாக 1999-ல் ஜப்பானிலிருந்து ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார்கள். வளர்ச்சி குன்றியிருந்தது, சிவப்பணுக்கள் உடைந்துகொண்டே இருந்தன, அப்படி உடைந்தால் ஏற வேண்டிய பிலிருபின் ஏறவில்லை, உறுப்புகளில் இரும்பு படிந்திருந்தது, எண்டோதீலியம் கடுமையாகச் சேதமாகியிருந்தது. ஒரே ஒரு நொதி இல்லாததற்கு இவ்வளவு.

அடுத்த கேள்வி, அடிபட்டதைச் செல் எப்படித் தெரிந்துகொள்கிறது? இதில் முக்கியமான பதில் என்ஆர்எஃப்2 என்ற புரதம், 1990-களின் பிற்பகுதியில் ஜப்பானில் யமமோட்டோவின் குழு பெரும்பாலும் அவிழ்த்த கதை. என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் போனால் ஹீம் ஆக்சிஜனேஸ், ஃபெரிட்டின், குளுட்டாதியோன் செய்யும் நொதி, என்ஏடிபிஎச் தரும் நொதிகள் என்று நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் முடுக்கிவிடும். சாதாரண நாளில் அது உள்ளே போவதில்லை. கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடும், அதன் அரை ஆயுள் 20 நிமிடம் அளவுதான். செய்வதும் அழிப்பதும் நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கும். தினமும் பத்துப் பேருக்குச் சமைத்துவிட்டு, விருந்தாளி வராவிட்டால் கீழே கொட்டும் வீடு மாதிரி. வீண் செலவு என்று தோன்றும், ஆனால் ஆள் வந்தபிறகு உலை வைக்க வேண்டியதில்லை. கீப்1-ல் சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலம் பல இடங்களில் இருக்கிறது, ஆக்சிஜனேற்றிகளோ சில வேதிப்பொருள்களோ அவற்றைத் தொட்டால் கீப்1-ஆல் என்ஆர்எஃப்2-ஐ அழிவுக்கு அனுப்ப முடியாது, புதிதாகச் செய்யப்பட்டதெல்லாம் அப்படியே உட்கருவுக்குப் போய்விடும்.

எண்டோதீலியத்துக்கு மட்டும் உள்ள ஒரு சங்கதி, இந்தத் தற்காப்பை முடுக்கிவிட அடி விழ வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. இரத்தம் ஒரே திசையில் சீராக ஓடும்போது செல்லின்மேல் ஏற்படும் உராய்வு விசையே போதும், அது என்ஆர்எஃப்2-ஐயும் கேஎல்எஃப்2 என்ற இன்னொரு கட்டுப்பாட்டுப் புரதத்தையும் தட்டி எழுப்புகிறது, நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியும் கூடுகிறது. நேரான தமனிப் பகுதிகளில் இந்த விசை நன்றாக இருக்கும். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் முனை, கிளைகள் புறப்படும் இடம், வளைவின் உட்பக்கம் ஆகிய இடங்களில் ஓட்டம் சுழன்று, தயங்கி, முன்னும் பின்னும் போகும். அங்கே இருக்கும் செல்களுக்கு அந்த ஊக்கம் கிடைப்பதில்லை. கொலஸ்ட்ராலும் சர்க்கரையும் உடம்பு முழுவதும் ஒரே இரத்தத்தில்தான் ஓடுகின்றன, இருந்தும் அடைப்பு பெரும்பாலும் குறிப்பிட்ட அதே இடங்களில் வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இப்போது கேப்ஸ்யூலுக்கு வரலாம். இது சரியாகச் சோதிக்கப்பட்ட விஷயம். 2002-ல் வெளிவந்த பிரிட்டனின் ஹார்ட் புரொடெக்‌ஷன் ஸ்டடியில் 20,536 பேர் இருந்தார்கள், எல்லோரும் இதய நோயோ, வேறு தமனி நோயோ, சர்க்கரை நோயோ உள்ளவர்கள், உங்கள் அப்பா போன்றவர்களும் அதில் உண்டு. பாதிப் பேருக்குத் தினமும் வைட்டமின் ஈ 600 மில்லிகிராம், சி 250 மில்லிகிராம், பீட்டா கரோட்டின் 20 மில்லிகிராம் என்று ஐந்து ஆண்டுகள் கொடுத்தார்கள். இரத்தத்தில் வைட்டமின் அளவு ஏறியது. மாரடைப்பும் பக்கவாதமும் மரணமும் குறையவில்லை. ஹோப் என்ற இன்னொரு சோதனையில் வைட்டமின் ஈ மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் அப்படியே. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாகவே வந்தது.

ஏன் வேலை செய்யவில்லை? ஒன்று, வேகம். சூப்பர்ஆக்சைடு வைட்டமின் சி-யோடு வினைபுரிவதைவிட டிஸ்மியூட்டேஸ் நொதியோடு ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு வேகமாக வினைபுரிகிறது, நைட்ரிக் ஆக்சைடோடு அதையும் தாண்டிய வேகம். வாய்வழியாக எவ்வளவு விழுங்கினாலும் இரத்தத்தில் வைட்டமின் சி 0.2 மில்லிமோலார் பக்கம் வந்து நின்றுவிடும், மீதி சிறுநீரில் போகும். அந்த அளவு வைட்டமின் வந்து சேர்வதற்குள் திருட்டு முடிந்துவிடும். இரண்டு, ஒரு வைட்டமின் மூலக்கூறு ஒரு ரேடிக்கலைப் பிடித்ததும் செலவாகிவிடும், அதைப் புதுப்பிக்க மறுபடி செல்லின் குளுட்டாதியோனும் என்ஏடிபிஎச்சும்தான் வேண்டும். நொதியோ அதே மூலக்கூறாக இருந்து ஓயாமல் வேலை செய்யும். மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு சிறிய அளவில் செய்தியும்கூட, அதை முழுக்கத் துடைத்தால் செல் ஆயுதம் செய்ய மறந்துவிடும். 2009-ல் ஜெர்மனியில் ரிஸ்டோவின் குழு, உடற்பயிற்சி செய்யும் இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு வைட்டமின் சி-யும் ஈ-யும் அதிக அளவில் கொடுத்துப் பார்த்தது. பயிற்சியால் இன்சுலின் உணர்திறன் கூடியது வைட்டமின் எடுக்காதவர்களுக்குத்தான். அது தசையில் நடந்த ஆய்வு என்றாலும் தர்க்கம் இங்கேயும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் என்ஆர்எஃப்2-ஐ நேராகத் தட்டி எழுப்பும் மருந்து கொடுக்கலாமே? முயன்றார்கள். பார்டாக்சலோன் மெத்தில் என்ற மருந்தைச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதான நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதித்தபோது, இதயம் செயலிழப்பது கூடியதால் 2012-ல் நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் உறவுக்கார மருந்தான ஒமாவெலாக்சலோன் 2023-ல் அமெரிக்காவில் ஃப்ரீட்ரைக் அட்டாக்சியா என்ற நரம்பு நோய்க்கு அனுமதி பெற்றது. வழி மூடப்படவில்லை, ஆனால் இரத்தக் குழாய்க்காக இன்று கடையில் வாங்கக்கூடிய பொருள் எதுவும் அந்த வரிசையில் இல்லை.

மஞ்சள் பற்றியும் யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மஞ்சளில் உள்ள குர்குமின் எண்டோதீலியச் செல்களில் ஹீம் ஆக்சிஜனேஸைத் தூண்டிப் பெராக்சைடிலிருந்து காக்கிறது என்று 2000-ல் மோட்டர்லினியின் குழு காட்டியது உண்மை. அது தட்டில் வளர்த்த செல்களில், மைக்ரோமோலார் அளவில். சாப்பிட்ட குர்குமினில் பெரும்பகுதி குடலிலேயே உறிஞ்சப்படாமல் போய்விடும், உறிஞ்சப்பட்டதையும் குடலும் கல்லீரலும் மாற்றிவிடும், தட்டில் இருந்த அளவு இரத்தத்தில் வருவதே இல்லை. ரசத்திலும் குழம்பிலும் போடுவதை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் அதை மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்பா செய்யக்கூடியவை ஏற்கெனவே டாக்டர் சொன்னவைதான், இப்போது காரணமும் தெரியும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் என்ஏடிபிஎச் மிச்சமாகும். நடந்தால் இரத்த ஓட்டம் கூடி, உராய்வு விசை கூடி, செல் தன் நொதிகளைத் தானே செய்துகொள்ளும், தினமும் ஒரே சீராக நடப்பதுதான் முக்கியம். புகைப் பழக்கம் இருந்தால் முதலில் அதை விட வேண்டும், ஒரு இழுப்புப் புகையின் வாயுப் பகுதியில் மட்டும் கோடி கோடியாக ரேடிக்கல்கள் இருக்கின்றன, எந்தக் கேப்ஸ்யூலும் அதற்கு ஈடுகொடுக்காது. இரத்த அழுத்த மாத்திரையோ ஸ்டாட்டினோ எழுதிக் கொடுத்திருந்தால் அதை விட்டுவிட்டு ஆன்டிஆக்சிடன்டுக்கு மாறிவிட வேண்டாம், ஸ்டாட்டின் கொலஸ்ட்ராலைக் குறைப்பதோடு எண்டோதீலியத்தில் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியையும் கூட்டுகிறது.

கேப்ஸ்யூல் அட்டையைத் திருப்பி என்னென்ன கலந்திருக்கிறது என்று பாருங்கள். பீட்டா கரோட்டின் அதிகமாக இருந்து அப்பா புகைப்பவராகவும் இருந்தால் உடனே நிறுத்திவிடலாம். வைட்டமின் ஈ அதிக அளவில் இருந்து, அவர் வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தால், இரத்தக்கசிவுக்கு வாய்ப்பு கூடும், டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மெத்தில்கோபாலமின் (வைட்டமின் பி12-ன் ஒரு வடிவம்), ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் என்று இருந்தால் அது வேறு கணக்கு, அவை பெரும்பாலும் கால் எரிச்சல், மரத்துப்போதல் போன்ற நரம்புத் தொந்தரவுக்காகக் கொடுக்கப்படுபவை. மெட்ஃபார்மின் நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு பி12 குறைவதும் உண்டு. அதனால் அப்படிப்பட்ட கேப்ஸ்யூலைப் பற்றி மட்டும், மருந்துக்கடைக்காரரிடம் இல்லாமல், சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டு, தேவையென்றால் பி12 அளவையும் பரிசோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.